அம்மிக்கல் கேட்ட தாய்

2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த பெருமழையில் பதுளை மாவட்டத்தின் மலைகள் பல இடங்களில் சரிந்தன. வீட்டை இழந்தவர்களும், வீடு நின்றபோதும் அங்கே திரும்பிப் போகக் கூடாதென்று சொல்லப்பட்டவர்களும் பொது மண்டபங்களிலும் பாடசாலைகளிலும் தங்க வேண்டியதாயிற்று. அத்தகைய மண்டபம் ஒன்றுக்கு மூன்றாவது வாரத்தில் சென்றிருந்தேன். குடும்பம் குடும்பமாக என்ன தேவை என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தோம். பாய், போர்வை, பிள்ளைகளுக்குக் கொப்பி, பால்மா என்று பட்டியல் நீண்டது. மூலையில் இருந்த ஒரு தாய் மட்டும் வேறொன்றைக் கேட்டார்.

“சாமி, ஒரு அம்மிக்கல்லு கெடைக்குமா?”

உடன் வந்த இளைஞருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மூணு வேளையும் சமைச்ச சாப்பாடுதானே வருது அக்கா, அம்மி எதுக்கு?” என்றார்.

“சாப்பாடு வருது தம்பி. குடுக்கிறவங்க நல்லா இருக்கணும். ஆனா மூணு வாரமா என் பிள்ளைக்கு என்ன குடுக்கணும்னு நான் முடிவு பண்ணல. கைய நீட்டுறதத் தவிர எனக்கு இங்க ஒரு வேலையும் இல்ல.”

இளைஞர் பேசாமல் இருந்தார். நான் பட்டியலில் ‘அம்மிக்கல் ஒன்று’ என்று எழுதினேன்.

இடம்பெயர்ந்த குடும்பம் எதையெல்லாம் இழக்கிறது என்று கேட்டால் வீடு, காணி, பயிர், ஆடு மாடு என்று சொல்வோம். அடுப்பையும் இழக்கிறது என்பதை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. இன்று என்ன சமைப்பது, யாருக்கு எவ்வளவு, எதை நாளைக்கு வைப்பது என்று தீர்மானிக்கும் உரிமை அந்த அடுப்போடு போய்விடுகிறது. அதை எப்படித் திரும்பப் பெறுவது என்பதைப் பற்றியே இந்தக் கட்டுரையில் சிந்திக்க விரும்புகிறேன்.

கோதுமை மா வந்த வழி

எமது சமையலை நாம் இழக்கத் தொடங்கியது நேற்று அல்ல. திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டை என்று வறண்ட பகுதிகளிலிருந்து இந்த மலைகளுக்கு வந்த எமது முன்னோர் கேப்பைக்கூழும் கம்பங்கூழும் சோளச்சோறும் உண்டவர்கள். தோட்டத்தில் அவர்களுக்கு அரிசி அளந்து கொடுத்தார்கள். அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். அந்த அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் வந்தது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததும் அரிசிக் கப்பல் நின்றது. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா பங்கீட்டில் வந்தது. யுத்தம் முடிந்த பின்னும் மா போகவில்லை. வெளிநாட்டு உதவியாகவும் மானிய விலையிலும் அது தொடர்ந்து வந்தது. 1980 முதல் திருகோணமலையில் பெரியதொரு மா ஆலையும் இயங்கத் தொடங்கியது. ஆனால் கோதுமை இந்த நாட்டில் விளைவதில்லை. ஒவ்வொரு மணியும் கப்பலில்தான் வர வேண்டும்.

‘எங்கள் ஆட்களுக்கு ரொட்டி மட்டும்தான் தெரியும்’ என்று சிலர் குறையாகச் சொல்வதுண்டு. அது சரியல்ல. விடிவதற்கு முன் எழுந்து, பிள்ளைகளுக்குத் தேத்தண்ணீர் வைத்து, பிள்ளைமடுவத்தில் குழந்தையை விட்டு, பெரட்டுக்குப் போக வேண்டிய ஒரு பெண்ணுக்கு அரை மணித்தியாலத்தில் முடிகிற உணவு ரொட்டிதான். துணியில் சுற்றி மலைக்குக் கொண்டுபோகலாம், பகல்வரை கெடாது. நேரமில்லாத வாழ்க்கைக்கு ஏற்ற உணவாக அது எமது வீடுகளுக்குள் வந்தது. ஆகவே ரொட்டி சுடுகிற தாயைக் குற்றம் சொல்லி இதை எழுதவில்லை.

எனினும், கப்பலை நம்பிய அடுப்பு எப்படி அணையும் என்பதை நாம் இருமுறை அனுபவித்திருக்கிறோம். 1973, 74ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் தானிய விலை ஏறியபோது அரிசி, மா, சீனிப் பங்கீடுகள் வெட்டப்பட்டன. கிராமத்து மக்கள் கொஞ்சமாவது மரவள்ளியையும் வத்தாளையையும் தோண்டி உண்டார்கள். தோட்டத்து மக்களுக்குத் தோண்டுவதற்கு மண் இருக்கவில்லை. தோட்டப்புறத்தில் மரணங்கள் அதிகரித்தன. அந்தப் பஞ்சத்தைப் பார்த்த முதியவர்கள் இன்றும் உங்கள் மத்தியில் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது முறை 2022இல். 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிலோ நூறு ரூபாவுக்கும் குறைவாக இருந்த கோதுமை மா, 2022இன் நடுப்பகுதிக்குப் பின் நானூறு ரூபாவைத் தொட்டது. நாட்டில் டொலர் இல்லை, உக்ரைனில் யுத்தம். இரண்டும் சேர்ந்து, பண்டாரவளையில் ஒரு தாய் எத்தனை ரொட்டி சுடுவது என்பதைத் தீர்மானித்தன. அதற்கு முன் 2020இல் மஞ்சளுக்கு நடந்ததும் நினைவிருக்கும். இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதும் ஒரு கிலோ மஞ்சள் பல ஆயிரம் ரூபாவுக்குப் போனது. இத்தனைக்கும் மஞ்சள் எமது மண்ணிலேயே, ஒரு சாக்குக்குள்ளேயே விளையக்கூடியது.

விற்றுவிட்டு வாங்கும் விவசாயி

வெலிமடை, ஊவா பரணகமைப் பக்கத்து விவசாயக் குடும்பங்களோடு பழகியபோது ஒன்றைக் கவனித்தேன். போஞ்சி, கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு என்று மூட்டை மூட்டையாகக் கெப்பட்டிப்பொலச் சந்தைக்கும் தம்புள்ளைக்கும் போகின்றன. விலை விழுந்தால் லொறிக் கூலிக்கும் கட்டாது. அதே வீட்டில் மாலையில் பிள்ளைகள் பக்கெட் நூடில்ஸ் சாப்பிடுகிறார்கள். கறிக்குப் போடுவது கடைத் தூள், பாலுக்குப் பால்மா, குழம்புக்குச் சூப் கட்டி. விளைந்ததை மலிவாக விற்று, உண்பதை விலை கொடுத்து வாங்குகிறோம். நடுவில் கடைக் கொப்பியில் கடன் ஏறுகிறது.

இதன் விலையைப் பிள்ளைகளின் உடம்பும் கொடுக்கிறது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 32 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாடு முழுவதற்கும் அது 17 மட்டுமே. இதற்குச் சாப்பாடு மட்டும் காரணமல்ல; தாயின் வேலைப் பளு, குடிநீர், மலசலகூடம், லயன் அறை எல்லாம் சேர்ந்த காரணம். எனினும், எமது கையில் உடனே மாற்றக்கூடியது ஒன்று இருக்குமானால் அது தட்டில் விழும் உணவுதான்.

வீட்டிலேயே செய்யக்கூடிய நான்கு

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. தற்காலிக இடத்தில் இருந்தாலும் செய்யக்கூடிய நான்கை மட்டும் இங்கே சொல்கிறேன். இவை பல தாய்மார் எனக்குச் சொல்லித் தந்தவை.

முதலாவது, சரக்குத்தூள். மல்லி அரை கிலோ, செத்தல் மிளகாய் கால் கிலோ, சீரகமும் பெருஞ்சீரகமும் நூறு நூறு கிராம், மிளகு ஐம்பது கிராம், கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி, மஞ்சள் ஒரு துண்டு. ஒவ்வொன்றையும் தனித்தனியே வறுக்க வேண்டும். ஒன்றாகப் போட்டால் மல்லி வறுபடுவதற்குள் சீரகம் கருகிவிடும். ஆறிய பின் இடித்தோ ஆலையில் அரைத்தோ ஈரமில்லாத போத்தலில் அடைத்து வையுங்கள். ஒரு குடும்பம் தனியாகச் செய்வதைவிட நான்கு குடும்பம் பணம் சேர்த்து மொத்தமாக வாங்கினால் செலவு குறையும். உள்ளே என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். மாவும் நிறமும் கலந்த தூளுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

இரண்டாவது, குரக்கன் மா. எமது பாட்டிமார் கேப்பை என்று சொன்னதும் மொனராகலைச் சேனைகளில் விளைகிற குரக்கனும் ஒன்றுதான். நூறு கிராம் குரக்கனில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு. அதே அளவு வெள்ளைக் கோதுமை மாவில் இருபது மில்லிகிராம் அளவே. குரக்கனைக் கழுவி, கல் அரித்து, நன்றாகக் காயவைத்து அரையுங்கள். பிள்ளைகளுக்கு முதலில் கறுத்த ரொட்டி பிடிக்காது. மூன்று பங்கு கோதுமை மாவுக்கு ஒரு பங்கு குரக்கன் மா என்று தொடங்கி, மெல்ல மெல்லப் பாதிக்குப் பாதி ஆக்குங்கள். தேங்காய்ப்பூ சேர்த்துப் பிசைந்தால் ரொட்டி மிருதுவாக இருக்கும். நேரம் இருக்கும் நாளில் கூழ், பிட்டு, களி.

மூன்றாவது, பிள்ளைகளுக்கான சத்துமா. குரக்கன் இரண்டு பங்கு, சிவப்பரிசி ஒரு பங்கு, பயறு ஒரு பங்கு, நிலக்கடலை அரைப் பங்கு. தனித்தனியே வறுத்து, சேர்த்து நைசாக அரைத்துச் சலித்து வையுங்கள். ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்குத் தாய்ப்பாலோடு சேர்த்து, கொதிக்க வைத்த கஞ்சியாகக் கொடுக்கலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: பூஞ்சணம் பிடித்த கடலையையும் சோளத்தையும் கழுவி வறுத்தாலும் நஞ்சு போகாது, எறிந்துவிடுங்கள். 1973 முதல் அரசாங்கம் கொடுத்து வருகிற திரிபோஷாவுக்குப் பதிலாக இதைச் சொல்லவில்லை. மருத்துவமாது தருவதை வாங்குங்கள். அது வராத மாதத்திலும் பிள்ளையின் கிண்ணம் வெறுமையாகாமல் இருக்கவே இது.

நான்காவது, தயிர். மாடு வைத்திருக்கும் குடும்பங்கள் பாலை முழுவதும் ஊற்றிவிட்டுப் பால்மா வாங்குவதைப் பார்க்கிறோம். நாளுக்கு ஒரு கோப்பைப் பாலையாவது வீட்டுக்கு நிறுத்துங்கள். காய்ச்சி, விரல் வைத்தால் சுடாத சூட்டுக்கு வந்ததும் ஒரு கரண்டி பழைய தயிர் சேர்த்து மூடி வையுங்கள். அப்புத்தளை, பண்டாரவளைக் குளிரில் தயிர் உறைய மறுக்கும்; பானையைச் சாக்கில் சுற்றி அடுப்பின் ஓரத்தில் வைத்தால் காலையில் உறைந்திருக்கும். மறுநாள் மோராக்கிக் கறிவேப்பிலை, சின்ன வெங்காயம் தட்டிப் போட்டால் நான்கு பேருக்குப் போதும்.

இவற்றோடு ஒரு சிறு பழக்கமும் உண்டு. தேயிலை எமக்குத் தொழில் கொடுக்கிறது. ஆனால் சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால், கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுக்க விடாது. இரத்தம் குறைந்த கர்ப்பிணித் தாய்மார் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துத் தேத்தண்ணீர் குடியுங்கள். சாப்பாட்டோடு தேசிக்காயோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்தால், அதே கீரையிலிருந்து கூடுதலான இரும்புச்சத்து உடம்பில் சேரும். காசில்லாமல் செய்யக்கூடிய மாற்றம் இது.

தூக்கிக்கொண்டு போகக்கூடிய தோட்டம்

“அடுத்த மாதம் எங்கே இருப்போமென்று தெரியாது, எதை நம்பி நடுவது?” இந்தக் கேள்வியை எல்லா முகாம்களிலும் கேட்டிருக்கிறேன். நியாயமான கேள்வி. அதற்கு ஒரு விடை பழைய உரச் சாக்கு. மண்ணும் மட்கிய குப்பையும் பாதிக்குப் பாதி கலந்து நிரப்பினால் அதுவே தோட்டம். இடம் மாறும் நாளில் லொறியில் ஏற்றிக்கொள்ளலாம்.

அம்மி கேட்ட தாயும் அவரோடு இருந்த பெண்களும் மண்டபத்தின் பின்புறத்தில் பன்னிரண்டு சாக்குகள் வைத்தார்கள். முதல் முறை எல்லாம் அழுகிப்போயின. அடியில் துளை போட மறந்துவிட்டோம். மழைத் தண்ணீர் உள்ளேயே நின்றது. அந்தத் தவறில் எனக்கும் பங்குண்டு. இரண்டாவது முறை துளையிட்டு, அடியில் கல் போட்டு, தண்டுக்கீரை விதைத்தார்கள். நான்கு வாரத்தில் கிள்ளினார்கள். பொன்னாங்காணி வெறும் தண்டு நட்டாலே பிடித்துக்கொண்டது. வல்லாரைக்கு நிழலான மூலை போதுமாக இருந்தது. மல்லி விதையைச் செருப்பால் தேய்த்து இரண்டாக உடைத்து விதைத்தால்தான் நன்றாக முளைக்கும் என்று ஒரு பாட்டி சொல்லித் தந்தார். சௌசௌக் கொடியை வேலியில் ஏற்றினால் காய் மட்டுமல்ல, கொழுந்தும் கறியாகும். சந்தைக்குப் பயிர் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வீட்டுக்கான பாத்தி தனியாக இருக்கட்டும், அதற்கு மருந்து அடிக்க வேண்டாம்.

மஞ்சள் நடுவதற்கு எட்டு ஒன்பது மாதப் பொறுமை வேண்டும். பறித்த கிழங்கை வேகவைத்து, இரண்டு வாரம் வெயிலில் காயவைத்து இடித்தால், ஒரு சாக்கின் விளைச்சலே ஒரு சிறு குடும்பத்துக்குப் பல மாதம் வரும்.

யாருடைய வேலை?

இங்கே ஒரு ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். வறுப்பதும் இடிப்பதும் சாக்கில் தண்ணீர் ஊற்றுவதும் எல்லாம் பெண்ணின் தலையில் விழுந்தால், நாம் நல்லது செய்யவில்லை. ஏற்கெனவே கொழுந்துக் கூடை சுமக்கும் முதுகில் இன்னொரு கூடையை ஏற்றுகிறோம். உலக்கை ஆணின் கைக்கும் பொருந்தும். அந்த மண்டபத்தில் சாக்குகளுக்கு மண் சுமந்ததும் விறகு பிளந்ததும் மாவரைக்க ஆலைக்குப் போய் வந்ததும் ஆண்கள். தொடக்கத்தில் கூச்சப்பட்டார்கள். பிறகு, கொடுப்பதை வாங்கிக்கொண்டு சும்மா இருப்பதைவிட இது மேல் என்று அவர்களே சொன்னார்கள்.

காணி இல்லாமல் முழுமை இல்லை

சாக்குத் தோட்டம் போதும் என்று நான் சொன்னால் அது உங்களை ஏமாற்றுவதாகும். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயன்களை மூடியது. தப்பியவர்கள் இரண்டு ஆண்டு காத்திருந்த பின் 2016இல் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. அந்த இரண்டு ஆண்டு அவர்கள் எந்த அடுப்பில் சமைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நிவாரணம் ஒரு வாரத்தில் வந்தது. நிலம் வர இரண்டு ஆண்டு ஆனது.

தோட்டத்து வீடமைப்பில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி என்பது வழமையாக இருந்து வந்துள்ளது. அது ஏறக்குறைய 1,900 சதுர அடி. வீடு 550 சதுர அடி என்றால் சுற்றிலும் 1,300 சதுர அடிக்கு மேல் மிஞ்சும். கீரையும் மிளகாயும் மஞ்சளும் ஒரு கறிவேப்பிலை மரமும் ஒரு கொய்யாவும் நட அது போதும். ஒரு குடும்பம் விவசாயம் செய்து பிழைக்க அது போதாது. இந்த இரண்டையும் சேர்த்தே நாம் சொல்ல வேண்டும். வீடு கேட்கும்போது முற்றத்தையும் தண்ணீரையும் உறுதிப் பத்திரத்தையும் சேர்த்துக் கேளுங்கள். இடத்தைப் பார்க்கும்போது, சரிவு பாதுகாப்பானதா என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைப் பிரதேச செயலகத்தில் கேட்டு வாங்குங்கள்.

அதுவரை முகாமில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கேட்கலாம். முதல் சில நாட்களுக்குச் சமைத்த உணவு வேண்டும்; அது உயிர் காக்கும். அதன்பின் உலர் உணவும், பாத்திரமும், விறகும், பாதுகாப்பான ஒரு பொது அடுப்பும் தரும்படி கேளுங்கள். உதவி செய்யும் எமது அமைப்புகளுக்கும் இது ஒரு பாடம். பொதி கட்டிக் கொடுப்பது எமக்கு எளிது; புகைப்படத்துக்கும் நன்றாக இருக்கும். ஒரு தாய் தன் கையால் சமைக்க வழி செய்வது கடினம். கடினமானதையே நாம் செய்ய வேண்டும்.

அம்மிக்கல் ஐந்தாம் நாள் போய்ச் சேர்ந்தது. நான் மறுமுறை சென்றபோது மண்டபத்தின் பின்புறம் மூன்று அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. அந்தத் தாய் தேங்காயும் செத்தல் மிளகாயும் வைத்துச் சம்பல் அரைத்துக்கொண்டிருந்தார். குரக்கன் கலந்த ரொட்டி ஒன்றை இலையில் வைத்து என்னிடம் நீட்டினார்.

“இன்னைக்கு எங்க வீட்டுச் சாப்பாடு சாமி, உக்காந்து சாப்பிட்டுப் போங்க.”

வீடு இன்னும் கிடைக்கவில்லை. ஆனாலும் ‘எங்க வீடு’ என்றார். உட்கார்ந்து சாப்பிட்டேன்.

குழுக்களில் கலந்துரையாட:

1. கடந்த வாரம் கடையில் வாங்கிய உணவுப் பொருட்களை எழுதிப் பாருங்கள். அவற்றில் நாமே விளைவிக்கவோ செய்யவோ கூடியவை எவை?

2. எமது வீட்டில் சமையல் வேலையில் ஆண்களும் பிள்ளைகளும் எதைப் பகிர்ந்துகொள்கிறோம்?

3. நான்கு குடும்பம் சேர்ந்து அடுத்த மாதத்துக்குள் எந்த ஒன்றைத் தொடங்கலாம்? சரக்குத்தூளா, சத்துமாவா, சாக்குத் தோட்டமா?

4. காணி, தண்ணீர், பொது அடுப்பு ஆகியவற்றுக்காக யாரிடம், எப்போது, யார் யார் சேர்ந்து போவது?